கல்லிற் பதித்த ஆணி

மனித வாழ்வின் பெரும்பகுதி பிறர் செய்துவைத்த வேலையின்மீது நம்பிக்கை வைப்பதிலேயே கழிகின்றது. பாலத்தைக் கடப்போன் அதன் தூணுக்கு அத்திவாரம் இட்டவனை அறியான். துலா மிதித்தவன் அதனை அச்சிற் பொருத்திய தச்சனை நினைத்திருக்கமாட்டான். இத்தகைய நம்பிக்கை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்தையே சார்ந்து நிற்கின்றது. அவ்விடம் நன்கமைந்திருக்கும்வரை எவரும் அதைப்பற்றி எண்ணுவதில்லை. பாறையேற்றம் என்னும் விளையாட்டில் அவ்விடம் ஒரு விரல் பருமனும் ஒரு விரல் நீளமும் உடைய ஒரு துளையாகும். அத்துளையினுள் நிகழ்வது யாது, அது பிழைத்துப்போவது எவ்வாறு, பிழைத்ததை அறிந்து திருத்துவது எங்ஙனம் என்பனவற்றை ஆராயுமிடத்து, ஒரு கைவினையின் நுட்பத்தோடு வேறொன்றும் புலனாகின்றது. பார்ப்பார் எவருமில்லாத இடத்தில் ஒருவன் தன் வேலைக்கு எவ்வளவு உண்மையாக இருக்கின்றான் என்பதே அது.

பாறையேற்றம் இந்நாட்டிற் பெரிதும் பழக்கத்தில் இல்லாத விளையாட்டு ஆதலின், அதன் அடிப்படையை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. செங்குத்தான பாறையில் ஏறுவோன் தன் கையாலும் காலாலுமே ஏறுகின்றான். இடுப்பிற் பூட்டிய பட்டையிலிருந்து செல்லும் கயிறு அவனை மேலே தூக்குவதற்கன்று. அவன் தவறி விழுந்தால் தாங்குவதற்கே உரியது. கயிறு தாங்கவேண்டுமாயின் அது இடையிடையே பாறையோடு பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வெடிப்புகள் உள்ள இடத்தில் உலோகக் கட்டைகளை அவற்றிற் செருகிவிட்டு, பின்னால் வருவோன் அவற்றைக் கழற்றிக்கொண்டு செல்லலாம். வெடிப்பே இல்லாத வழுவழுப்பான பாறைமுகத்தில் அதற்கு வழியில்லை. அங்கே கல்லைத் துளைத்து ஆணி பதிக்க நேரிடுகின்றது. ஒரு கயிற்று நீளம் ஏறி முடித்தவன் நின்று அடுத்தவனை மேலே வரவழைக்கும் இடத்திலும், உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கும் இடத்திலும் இரண்டு ஆணிகள் சேர்ந்து நங்கூரமாக அமைகின்றன. அங்கே இருவரின், சில வேளை மூவரின் முழு நிறையும் அவ்வாணிகளையே சாரும். காலின் கீழே இருப்பது வெற்றிடம்.

இவ்வாணி மரத்தில் அறையும் ஆணியைப் போன்றதன்று. அறையாணி தன் கூர்மையால் மரத்தினுட் புகுந்து, மரத்தின் நார்களாற் பற்றப்படுகின்றது. கருங்கல்லில் நார் இல்லை. அது நெகிழ்ந்து இடங்கொடுப்பதுமில்லை. ஆதலின் முதலிலே துளையிட்டு, அத்துளையினுட் சென்றபின் தானே பருக்கும் ஆணி ஒன்று வேண்டியதாயிற்று. அதுவே விரிவாணி. அதன் பொதுவான வடிவம் எளியது. உருக்குத் தண்டொன்றின் உள்முனை கூம்பாகப் பருத்திருக்கும். கூம்பின் கழுத்தைச் சுற்றி மெல்லிய உருக்குப் பட்டையொன்று தளர்வாக அணைந்திருக்கும். வெளிமுனையில் மரையும், அம்மரையில் ஓடும் சுரையும் உண்டு. தண்டின் விட்டமும் துளையின் விட்டமும் ஒன்றே. ஆணியைச் சுத்தியலால் அடித்து உட்செலுத்தும்போது பட்டை துளையின் சுவரோடு உராய்ந்து நிற்கும். பின்னர் சுரையை ஸ்பனரால் முடுக்கத் தண்டு வெளிநோக்கி இழுபடும். கூம்பு பட்டைக்குள் ஏறும். பட்டை விரிந்து கல்லை நெருக்கும். சுரைக்கும் கல்லுக்கும் இடையே அகப்பட்டு நிற்கும் தொங்குதகட்டில் ஏறுவோன் தன் கொளுவியை மாட்டுகின்றான். ஆணியை வெளியே இழுக்க முயலும் விசையே கூம்பை மேலும் பட்டைக்குள் ஏற்றிப் பிடியை வலுப்படுத்துகின்றது. இழுக்க இழுக்க இறுகும் இவ்வமைப்பே விரிவாணியின் நுட்பம்.

இந்நுட்பம் முழுவதும் ஒரு நிபந்தனையிலே தங்கியுள்ளது. பட்டை கல்லை முதலிற் பற்றியிருத்தல் வேண்டும். பற்றாத பட்டைக்குள் கூம்பு ஏறாது. பட்டையும் கூம்பும் சேர்ந்தே சுழலும், அல்லது சேர்ந்தே வெளிவரும். பதிக்கும்போது தோன்றும் பிழைகளுட் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மூலம்.

விரிவாணி ஏறுவோர்க்கெனப் பிறந்ததன்று. கட்டடத் தொழிலில் கல்லிலும் கொங்கிறீற்றிலும் பொருள்களைப் பொருத்துவதற்கு வழங்கியது. 1939 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூ மெக்சிக்கோவின் பாலைநிலத்தில் எழுந்து நிற்கும் ஷிப்றொக் என்னும் எரிமலைப் பாறையின் உச்சியை முதன்முதலில் அடைந்த டேவிட் புறோவர், பெஸ்ரர் றொபின்சன், றஃபி பெடெய்ன், ஜோன் டையர் ஆகிய நால்வரும் அங்கு விரிவாணிகள் சிலவற்றைப் பதித்தனர். அமெரிக்கப் பாறையேற்றத்தில் அவையே முதல் விரிவாணிகள் எனக் கொள்ளப்படுகின்றன. அந்நால்வருள் ஒருவரான புறோவர் 1952 முதல் 1969 வரை சியரா கழகத்தின் நிருவாகப் பணிப்பாளராக விளங்கி, இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரானார். ஷிப்றொக்கோ நவாஹோ மக்கள் புனிதமாகப் போற்றும் பாறை; 1970 முதல் அதில் ஏறுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கல்லில் ஆணி பதித்தல் தொடக்கந்தொட்டே வெறும் தொழில்நுட்ப வினாவாக இருந்ததில்லை என்பதற்கு இவ்வரலாறே சான்று.

கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் கப்பித்தான் ஏறத்தாழ 900 மீற்றர் உயரமான கருங்கற் சுவர். அதன் நடுவே துருத்தி நிற்கும் ‘மூக்கு’ எனப்படும் வழியில் வாரன் ஹார்டிங் 1957 இல் தம் தோழரோடு ஏறத் தொடங்கி, விட்டுவிட்டு முயன்று, 1958 நவம்பர் 12 இல் உச்சியை அடைந்தார். அவ்வேற்றத்தில் ஏறத்தாழ 125 விரிவாணிகள் கையாலேயே துளையிட்டுப் பதிக்கப்பட்டன. உச்சிக்குச் சற்றுக் கீழே வெளிநோக்கிச் சாய்ந்திருந்த சுவரில், இறுதி இரவு முழுவதும் தலைவிளக்கின் ஒளியில் ஹார்டிங் 28 ஆணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்து மேலே சென்றார். உடல் வலிமைக்கும் மனவுறுதிக்கும் எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சி பலராலும் போற்றப்பட்டுள்ளது.

ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. கைத்துளையிடுவோன் உளியைக் கல்லில் ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் அதனைச் சிறிது திருப்பித் திருப்பி அடிக்கின்றான். கருங்கல்லில் எட்டில் மூன்று அங்குலத் துளையொன்றுக்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ செல்லும். எனவே கையால் துளைப்போனுக்குச் சிறிய துளையே வரமாகத் தோன்றும். அக்காலத்து ஆணிகளுட் பெரும்பாலானவை கால் அங்குல விட்டமே உடையவை. பலவற்றுக்குச் சுரைகூட இல்லை. நடுவே பிளந்து சற்று வளைந்திருக்கும் தண்டு, அடித்து உட்செலுத்தும்போது அழுந்தித் துளையின் சுவரை நெருக்கி நிற்கும். முதலில் ஏறியவர்கட்கு அவை போதுமாயிருந்தன. பின்னர் அவ்வழிகளில் ஆயிரக்கணக்கானோர் ஏறினர். ஆணிகள் கறள் பிடித்தன. 1998 இல் கிறிஸ் மக்னமாரா தொடங்கிய அமெரிக்கப் பாதுகாப்பான பாறையேற்றச் சங்கம் யொசெமிற்றியிலும் பிறவிடங்களிலும் ஆயிரக்கணக்கான பழைய ஆணிகளைக் களைந்து புதியவற்றைப் பதித்துள்ளது. கால் அங்குலத்தின் இடத்தில் எட்டில் மூன்று அங்குலமும் அரை அங்குலமும் வந்தன. முன்னதன் குறுக்குவெட்டுப் பரப்பு பழையதைப்போல் இரண்டேகால் மடங்கு. பின்னதன் பரப்பு நான்கு மடங்கு. ஐரோப்பிய நியமம் இன்று ஒரு பாறை நங்கூரத்திடம் பாறைமுகத்துக்கு இணையான இழுப்பில் 25 கிலோநியூற்றன் வலிமையை எதிர்பார்க்கின்றது. அஃதாவது ஏறத்தாழ 2,500 கிலோகிராம் திணிவின் நிறையை அது தாங்குதல் வேண்டும்.

எனினும் தடித்த உருக்கு மட்டும் நம்பிக்கைக்குப் போதியதன்று. உருக்கின் வலிமை தொழிற்சாலையிலே உறுதிசெய்யப்படுவது. பிடியின் வலிமை பாறையிலே, பதிப்போனின் கையிலே உறுதிசெய்யப்படுவது. ஆகவே அவனுடைய வேலையைப் படிப்படியாக நோக்குதல் தகும்.

அவன் கயிற்றில் தொங்கியவாறு முதலிலே சுத்தியலாற் பாறையைத் தட்டிப் பார்க்கின்றான். உறுதியான கல் உயர்ந்த, தெளிந்த ஒலியைத் தரும். உள்ளே பொள்ளலாயின், அல்லது தட்டிய பகுதி தாய்ப்பாறையிலிருந்து பிரிந்த பலகையாயின், ஒலி பறைபோல மங்கி எழும். சில வேளை தட்டும் இடத்தின் அதிர்வை மறுகையால் உணரலாம். அத்தகைய கல்லில் எவ்வளவு சிறந்த ஆணியும் பயனற்றது. ஆணி கல்லைப் பற்றும், கல் மலையைப் பற்றாது. விளிம்புகளுக்கும் வெடிப்புகளுக்கும் அருகிலும் துளையிடலாகாது. கருங்கல் உடைப்போர் கல்லைப் பிளக்கும் முறையை நினைவு கூர்ந்தால் இதன் காரணம் விளங்கும். அவர்கள் ஒரே நேர்கோட்டில் வரிசையாகத் துளையிட்டு, அவற்றில் ஆப்புகளை அறைகின்றனர். ஆப்பு துளையை உள்ளிருந்து விரிக்க, மலைபோன்ற கல்லும் அக்கோட்டின் வழியே இரண்டாகின்றது. விரிவாணியும் துளையை உள்ளிருந்து விரிக்கும் ஆப்பே. விளிம்புக்கு அண்மையிலோ ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகவோ பதித்த ஆணிகள் தாம் பற்றவேண்டிய கல்லையே உடைத்துவிடக் கூடும். இரு துளைகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளியேனும் விடுதல் வழக்கம்.

துளையிடும்போது பிழை வேறு வடிவில் வருகின்றது. துளை பாறைமுகத்துக்குச் செங்குத்தாக அமையவேண்டும். சரிந்த துளையிற் பதித்த ஆணியின் தொங்குதகடு ஒரு பக்கம் மட்டும் கல்லிற் பட்டு, மறுபக்கம் எழும்பி நிற்கும். சுரையை இறுக்கத் தண்டு வளையும். கையால் இட்ட துளையின் வாய் உளியின் ஆட்டத்தால் அகன்று நீள்வட்டமாவதும் உண்டு. தேய்ந்த துளையலகோ நேர்மாறான இடர் தரும். அதன் முனை குறுகியிருப்பதால் துளையும் குறுகும். ஆணி பாதி வழியிற் சிக்கி, முன்னும் செல்லாது பின்னும் வராது நிற்கும். அவ்வேளையிற் சினங்கொண்டு ஓங்கி அடிப்போன் மரையைச் சிதைத்துவிடுகின்றான். அனுபவமுள்ளவன் சுரையை மரையின் நுனிவரை ஓட்டி வைத்தே அடிக்கத் தொடங்குவான். அடி சுரையின்மீதும் பட்டு, மரை காக்கப்படும். அவன் முதல் துளையிடுமுன்பே துளையலகின் முனையைப் பழைய ஆணியோடு வைத்து ஒப்பிட்டும் பார்த்திருப்பான்.

அடுத்தது தூசி. துளைத்த கல்லின் பொடி துளையின் அடியிலும் சுவரிலும் படிந்து கிடக்கும். அடியிற் படிந்த பொடி ஆணியை முழுதும் உட்செல்ல விடாது. சுவரிற் படிந்த பொடி பட்டைக்கும் கல்லுக்கும் இடையே மாவுபோல நின்று வழுக்கும். சிறிய தூரிகையாற் சுவரைத் தேய்த்து, குழாயொன்றினால் ஊதி, மீண்டும் தேய்த்து மீண்டும் ஊதவேண்டும். ஊதும்போது பொடி முகத்தில் அடிக்கும். கண்ணை மூடி மூச்சை அடக்கியே ஊதவேண்டும். சலிப்பைத் தருவதும் பலர் அரைகுறையாக விட்டுவிடுவதும் இவ்வேலையே. ஆனால் ஆணி பிடிக்காமற்போகும் வேளைகளில் முதலிற் சந்தேகிக்கவேண்டியதும் இதுவே.

இறுதியிற் சுரையை முடுக்குதல். எல்லாம் ஒழுங்காக அமைந்திருப்பின் சில சுற்றுகளுக்குள் எதிர்ப்பு ஏறும், ஸ்பனர் கனக்கும், தொங்குதகடு அசையாது நிற்கும். முறுக்கத்தை அளக்கும் ஸ்பனரிருப்பின் உற்பத்தியாளர் குறித்த அளவில் நிறுத்தலாம். அவ்வாறன்றி மூன்று குறிகள் தோன்றலாம். முதலாவது, சுரையோடு ஆணியும் சேர்ந்து சுழல்வது. துளை அகன்றிருப்பதால் அல்லது தூசியால் பட்டை கல்லைப் பற்றவில்லை என்பது இதன் பொருள். தொங்குதகட்டைப் பிடித்து ஆணியை வெளிநோக்கி நெம்பி இழுத்தவாறே சுரையைத் திருப்பினால் சில வேளை பட்டை பற்றிக்கொள்ளும். பற்றியபின் எதிர்ப்பு முறையாக ஏறினால் அவ்வாணி ஏற்கத்தக்கது. இரண்டாவது, சுரை முடிவின்றிச் சுழல, மரை வெளியே நீண்டுகொண்டே வருவது. இங்கே ஆணி மெல்ல மெல்ல வெளியே ஊர்கின்றது. மென்மையான கல்லில் பட்டை சுவரை அரித்துக்கொண்டு வருதலும் உண்டு. மூன்றாவது, நன்றாக ஏறிவந்த எதிர்ப்பு திடீரெனக் குறைவது. பட்டை வழுக்கியிருக்கலாம், அல்லது தண்டே தன் எல்லையைக் கடந்து நீளத் தொடங்கியிருக்கலாம். நீண்ட ஸ்பனரும் வலிய தோளும் உடையவனுக்கு இது எளிதில் நேரும். பின்னிரண்டு குறிகளும் தோன்றிய ஆணியை எவ்வகையிலும் ஏற்கலாகாது.

விரிவாணியின் பிழைகள் அனைத்தையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. அவை பெரும்பாலும் பதிக்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே தம்மை வெளிப்படுத்துகின்றன; அதுவும் பதிப்போனின் காதுக்கும் விரலுக்குமே வெளிப்படுத்துகின்றன. தட்டியபோது எழுந்த ஒலி, துளையலகு திடீரென உள்வாங்கிய கணம், ஸ்பனரின் கனம் ஆகியவற்றை வேறெவரும் கேட்டதுமில்லை, உணர்ந்ததுமில்லை. வேலை முடிந்தபின் கல்லின்மேல் எஞ்சுவது ஒரு சுரை, ஒரு தகடு, சிறிது மரை. நன்கு பற்றிய ஆணிக்கும் பற்றாத ஆணிக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இராது. பின்னர் வருவோன் தகட்டை அசைத்துப் பார்க்கலாம். ஆடும் சுரையை இறுக்கலாம். இறுக்கியும் மறுபடி தளர்ந்தால் ஐயுறலாம். அதற்கு மேல் அவனால் இயலுவது மிகக் குறைவு. இறுக்குவதிலும் ஓர் இடருண்டு. வருவோர் ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடு ஒரு கால்சுற்று இறுக்கிச் சென்றால், பலரின் நல்லெண்ணம் சேர்ந்து நல்ல ஆணியையும் கெடுத்துவிடும்.

ஆகவே பற்றாத ஆணியை அறிந்தவன் அதனை என் செய்கின்றான் என்பதே இக்கைவினையின் உயிர்நிலை. பொழுது சாய்கின்றது, தோள் ஓய்ந்துவிட்டது, மின்துளைகருவியாயின் அதன் மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கின்றது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இயந்திரத் துளைகருவிக்குத் தடையிருத்தலால் யொசெமிற்றியில் பதிப்போனுக்கு அதுவும் இல்லை. இன்னொரு துளை என்றால் இன்னும் அரைமணி நேரம். சுரையை இருந்தபடியே விட்டால் தகடு ஆடாது. பார்ப்பவர்க்குக் குறையெதுவும் தோன்றாது. பெரும்பாலும் அவ்வாணியில் எவரும் விழாமலும் போகலாம்.

அவன் செய்யத்தக்கது யாதென்பதில் ஐயமில்லை. பற்றாத ஆணியை வெளியே எடுக்க இயலுமாயின் எடுத்து, அதே துளையை அடுத்த விட்டத்துக்கு அகலமாக்கித் தடித்த ஆணியைப் பதித்தல் சிறந்தது. பாறையிற் புதிய வடு விழாது. எடுக்க இயலாதாயின், தகட்டைக் கழற்றித் தண்டைத் துளையின் ஆழத்துக்கு அடித்துத் தாழ்த்தி, பசையோடு கற்பொடியைக் குழைத்து வாயைப் பூசி மூடிவிட்டு, ஒரு சாணுக்கப்பால் புதிதாகத் தொடங்கவேண்டும். இதற்காகவே முன்யோசனையுடையோர் துளையை வேண்டியதைவிட ஆழமாக, ஆணி முழுவதும் மறையும் அளவுக்கு இடுவதுண்டு. தோல்வியும் நேரலாம் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டவனுக்கே அத்தோல்வியைத் தூய்மையாகத் திருத்த வழி கிடைக்கின்றது.

பழைய ஆணிகளைப் பிடுங்குவதும் இத்தகைய பொறுமையையே வேண்டி நிற்கின்றது. ஆப்பை அவசரமாக இழுத்த குரங்கின் கதை எல்லோரும் அறிந்ததே. யொசெமிற்றியின் பிளந்த தண்டு ஆணிகளை எடுப்போர், இசைக்கவை போலப் பிளந்த மெல்லிய உருக்கு ஆப்பை ஆணியின் தலைக்கும் கல்லுக்கும் இடையே சிறிது சிறிதாக அடித்துச் செலுத்தி, ஆணியை நேராக வெளிக்கொணர்கின்றனர். பக்கவாட்டில் நெம்பினால் தண்டு முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். பழைய துளை பயனற்றுப் புதிய துளை வேண்டியதாகும்.

கல்லின் இயல்பறிந்து ஆணியின் வகையைத் தெரிவதும் பிழை தவிர்க்கும் வழிகளுள் ஒன்று. கடினமான கருங்கல்லிற் சிறப்பாகப் பற்றும் ஆணி மென்மையான மணற்கல்லில் ஒரு சிறு வளையத்தை மட்டுமே நெருக்கி, அதனைப் பொடியாக்கிவிடலாம். அங்கே நீண்ட ஆணியோ, துளை முழுவதும் பசையால் ஒட்டி நிற்கும் பசையாணியோ பொருந்தும். பசையாணி கல்லை விரித்து நெருக்குவதில்லை, நெருக்கடியின்றிப் பிடிக்கின்றது. ஆயினும் அதற்கும் தன் பிழைகள் உண்டு. துளை தூசியற்றிருக்கவேண்டும், பசையின் இரு கூறுகளும் முழுதும் கலந்திருக்கவேண்டும், அது இறுகி முடியும்வரை எவரும் அதில் நிறையேற்றலாகாது.

பதிக்கும் வேளையில் எவ்வளவு கூர்ந்து நோக்கினும் புலப்படாத பிழை ஒன்றும் உண்டு. அது காலத்தின் பிழை. நாகம் பூசிய ஆணியிற் கறள் பிடியா உருக்குத் தகட்டை மாட்டினால், இருவேறு உலோகங்களுக்கிடையே ஈரம் புகுந்து, ஆணி துளைக்குள்ளே விரைந்து அரிபடும். வெளியே தகடு பளபளக்கும். தாய்லாந்தின் கிராபி மாகாணத்து றெய்லே, தொன்சாய்க் கரைகளின் சுண்ணக்கற் குன்றுகளில் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. கடலோரமாதலிற் கறள் பிடியா உருக்கையே நம்பிப் பதித்தனர். ஆயின் உப்பும் வெப்பமும் உலோகத்தினுள் இருந்த இழுவிசையும் ஒருங்கு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளை உருக்கினுள் ஓடச்செய்தன. பெரிதாகக் கறள் காட்டாத ஆணிகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே சிறு விசைக்கு முறிந்தன. பின்னர் அங்கே தைத்தேனியத்தாலான பசையாணிகள் பதிக்கப்படலாயின. அங்கு முதலிற் பதித்தவர்கள் கவனக்குறைவாளர் அல்லர். தம் காலத்து அறிவுக்கு உண்மையாக இருந்தவர்களே. அறிந்தும் விட்ட பிழையும் அறியாது விழுந்த பிழையும் விளைவில் ஒன்றாயினும் ஒழுக்கத்தில் ஒன்றாகா.

நங்கூரத்துக்கு இரண்டு ஆணிகள் என்னும் விதி எல்லாப் பிழைக்கும் மருந்தாகுமே எனச் சிலர் கருதக்கூடும். ஒன்று பிழைத்தால் மற்றது தாங்கும் என்பது உண்மையே. ஆனால் இரண்டையும் பதித்தவன் ஒருவனே. பதித்த கல் ஒன்றே. துளைத்த அலகும் ஒன்றே. தேய்ந்த அலகும் ஓய்ந்த கையும் முதல் துளையிற் செய்த பிழையை இரண்டாவதிலும் செய்யும். இரண்டு ஆணிகள் தற்செயலான பிழையிலிருந்து காக்கும். பழக்கமாகிவிட்ட பிழையிலிருந்து காவா.

இவ்விடத்தில், ஆணியே வேண்டுமா என்னும் பழைய வழக்கையும் ஒதுக்கிவிட இயலாது. 1970 இல் ஹார்டிங்கும் டீன் கோல்ட்வெலும் எல் கப்பித்தானின் மற்றொரு முகத்தில் 27 நாள்கள் தங்கி, நூற்றுக்கணக்கான துளைகளிட்டு ஏறினர். இவ்வளவு துளைகள் பாறைக்கும் விளையாட்டுக்கும் இழுக்கு எனக் கருதிய றோயல் றொபின்ஸ் 1971 இல் அவ்வழியே ஏறி ஆணிகளை வெட்டியெறியத் தொடங்கினார். ஆனால் இடையிலே, ஏற்றத்தின் அருமையை உணர்ந்து, வெட்டுவதை நிறுத்திக்கொண்டார். இவ்வழக்கில் எப்பக்கம் நின்றாலும் ஒன்றை மறுப்பதற்கில்லை. கல்லில் இட்ட துளை மீண்டும் கல்லாவதில்லை. ஆகவே துளையிடுவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை எண்ணுதல் பாறைக்குச் செய்யும் மரியாதை. துளையிட்டபின் அதனைச் செம்மையாக முடித்தல் மனிதனுக்குச் செய்யும் மரியாதை. முன்னதைப்பற்றி உரத்து வாதிடுவோர் பலர். பின்னதோ ஓசையின்றி நடைபெறுவது. புகழும் பழியும் அதனை எளிதில் அடைவதில்லை.

நூலில் எழுத்தாளன் பெயர் உண்டு. கட்டடத்தில் அடிக்கல்லுக்குக்கூடப் பெயர் உண்டு. பாறையிற் பதித்த ஆணியிற் பெரும்பாலும் பதித்தவன் பெயர் இருப்பதில்லை. அவன் அன்று மாலை இன்னொரு துளைக்கான அரைமணி நேரத்தைச் செலவிட்டானா, அன்றி மிச்சம் பிடித்தானா என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. பல ஆண்டுகளின் பின் அவ்விடத்துக்கு வருவோன் அவனை அறியான். வருவோன் தன் கொளுவியைத் தகட்டில் மாட்டுகின்றான். கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கின்றான். பின்னர் பாறையை விட்டுக் கையை எடுத்து, வெற்றிடத்தின்மீது பின்னோக்கிச் சாய்கின்றான்.